மூத்த மாப்பிள்ளையின் பிக்கப்

சங்கரலிங்கம் கார் வாங்கியது போக்குவரத்துக்காக அல்ல. போக்குவரத்துக்கு அவரிடம் ஒரு பைக் இருந்தது. ஏழாயிரம்பண்ணைக்கும் சிவகாசிக்கும் நடுவே ஓடுகிற அத்தனை பஸ் கண்டக்டர்களின் சிநேகிதமும் இருந்தது. அவர் கார் வாங்கியது, செழியன் கார் வாங்கியதால்.

செழியன் அவருக்குச் சகலை. மனைவி வீரலட்சுமியின் தங்கை பொன்மணியைக் கட்டியவன். சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற ஆப்செட் கம்பெனி வைத்திருந்தான். சங்கரலிங்கத்துக்கு ஏழாயிரம்பண்ணையில் வெடிக்குழாய் கம்பெனி. பழைய காகிதத்தில் பசை தடவி, இறுகச் சுருட்டி, காயவைத்து, வெட்டிப் பட்டாசு ஆலைகளுக்குக் கொடுக்கிற தொழில். அதாவது பட்டாசின் உடம்பு இவருடையது, சட்டை அவனுடையது. வெடித்த பிறகு இரண்டும் தெருக்குப்பைதான் என்றாலும், கடையில் நிற்கிற ஆட்கள் பார்ப்பது சட்டையைத்தானே என்பது சங்கரலிங்கத்தின் நெடுநாள் வருத்தம். அதைத் தீர்த்துக்கொள்ள விசிட்டிங் கார்டில் தன் பெயருக்குக் கீழே ‘இண்டஸ்ட்ரியலிஸ்ட்’ என்று போட்டுக்கொண்டார். அந்தக் கார்டை அச்சடித்துக் கொடுத்ததும் செழியன்தான். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அது இன்னொரு வருத்தம்.

மாமனார் ஆண்டிச்சாமியும் மாமியார் இருளம்மாளும் வெம்பக்கோட்டையில் இருந்தார்கள். ஒரு காலத்தில் கூலிக்குக் களையெடுத்து, பிறகு பட்டாசு ஆலைக்குப் போய், இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்துவிட்டு இப்போது ஓய்வாக வெற்றிலை போடுகிறவர்கள். வருஷா வருஷம் ஆனி மாதத்தில், ஆடிக் கூட்டம் சேருமுன்னே, ஒரு வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு இருக்கன்குடி மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பார்கள். அந்தப் பயணத்துக்கு ஒரு முறை உண்டு. மாமனாரும் மாமியாரும் ஏறுகிற வண்டி முன்னால் போகும். மற்றவர்கள் பின்னால் வருவார்கள். முன்வண்டி மூத்த மாப்பிள்ளையின் பொறுப்பு. வேன் பிடித்துப் போன காலமெல்லாம் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டிரைவருக்கு ஏற்கனவே தெரிந்த வழியைச் சொல்லிக்கொண்டு வந்தவர் சங்கரலிங்கம்தான்.

போன வருஷம் செழியன் கார் வாங்கினான். மாமனாரும் மாமியாரும் அதில் ஏறிக்கொண்டார்கள். மூத்த மாப்பிள்ளை வீரலட்சுமியுடனும் விறகுக்கட்டுடனும் லோடு ஆட்டோவில் பின்னால் வந்தார். வழியெல்லாம் செழியன் கார் கிளப்பிய புழுதியைத் தின்றுகொண்டு வந்தவர், இருக்கன்குடியில் இறங்கும்போதே முடிவு செய்துவிட்டார்.

அதே கம்பெனி, அதே மாடல், அதே டீசல் கார். நிறம் மட்டும் வேறாக இருக்க வேண்டும் என்றார். செழியன் வண்டி வெள்ளி நிறம் என்பதால் தங்க நிறம் கேட்டார். அந்த மாடலில் தங்கம் கிடையாது என்று, கழுவிய அரிசித் தண்ணீருக்கும் மணலுக்கும் நடுவான ஒரு நிறத்தைக் காட்டினார்கள். அதற்கு ஏதோ வெளிநாட்டுச் சாராயத்தின் பெயரை வைத்திருந்தார்கள். பெயர் பிடித்திருந்ததால் வாங்கிக்கொண்டார்.

வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் செழியன் பார்க்க வந்தான். ஒரு சுற்றுச் சுற்றினான். கதவைத் திறந்து மூடிப் பார்த்தான்.

“அருமையா இருக்குண்ணே. என் வண்டியவிட இதுல மினுக்கு ஜாஸ்தி” என்றான்.

பொறாமையில்லாமல் ஒரு மனிதனால் இப்படிச் சொல்ல முடியும் என்பது சங்கரலிங்கத்தின் அனுபவத்தில் இல்லாத செய்தி. செழியனின் காரை முதன்முதலில் பார்த்தபோது தனக்குள் என்னென்ன ஓடியது என்று அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இவனுக்குள்ளும் அதுதானே ஓடும்? அவன் போனதும் பைக்கை எடுத்துக்கொண்டு வெம்பக்கோட்டைப் பக்கம் இருந்த கோடாங்கியிடம் குறி கேட்கப் போனார்.

கோடாங்கி உடுக்கையைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: “உறவுக் கண்ணு அய்யா. சிரிச்சுக்கிட்டே பாத்த கண்ணு.”

ஊரில் உறவு இல்லாதவன் யார், அழுதுகொண்டே கார் பார்ப்பவன் யார் என்றெல்லாம் இண்டஸ்ட்ரியலிஸ்ட் கேட்கவில்லை. சிவப்புத் துணியில் படிகாரம், வரமிளகாய், கல்லுப்பு, ஆகாசகருடன் கிழங்கில் ஒரு துண்டு எல்லாம் வைத்துக் கட்டிய ஒரு முடிச்சைக் கோடாங்கி கொடுத்தார். வண்டியின் முகத்தில் கட்டச் சொன்னார்.

அங்கேதான் சிக்கல். முகத்தில் கட்டினால் செழியன் பார்ப்பான். தன்னைக் கண்டு மூத்த சகலை பயப்படுகிறார் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். போதாததற்கு, போன மாதம்தான் ஒரு சங்கக் கூட்டத்தில் ‘அறிவியல் யுகமும் மூடநம்பிக்கையும்’ என்று முக்கால் மணி நேரம் பேசிப் பொன்னாடை வாங்கியிருந்தார். செழியன் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியிருந்தான்.

ஆகவே பானெட்டைத் திறந்தார். வண்டியின் முகத்திலேயே, ஆனால் வெளியே தெரியாமல் ஓர் இடம் வேண்டும். ரேடியேட்டருக்கு மேலே, முன்பக்கம் பார்த்தபடி, தபால் பெட்டியின் வாய் போல ஒரு துளை இருந்தது. முடிச்சை வைத்துப் பார்த்தார். அளவெடுத்தது போல உட்கார்ந்தது. கம்பெனிக்காரனே இதற்கென்று விட்டிருக்கிறான் போல, நம் நாட்டுப் பழக்கம் தெரிந்தவன் என்று மெச்சிக்கொண்டார்.

அது எஞ்சின் மூச்சு விடுகிற வாய். வாசிக்கிறவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். சங்கரலிங்கத்துக்குப் புரிய நாளாயிற்று. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

மறுநாளே வண்டி மந்தமாகிவிட்டது. நிற்கும்போது ஒரு குறையும் இல்லை. மெதுவாகப் போகும்போதும் இல்லை. முன்னால் போகிற வண்டியை முந்தலாம் என்று காலை அழுத்தினால்தான் வினை. தாலுகா ஆபீசில் மனு கொடுத்தது போல, வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் கிளம்பும். அதற்குள் எதிரே பஸ் வந்துவிடும்.

‘பாத்தான்ல, அதான்’ என்று நினைத்துக்கொண்டார்.

சாத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு மாமனாரையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு போன அன்று மானம் போனது. முன்னால் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போனது. சங்கரலிங்கம் ஹாரனை அடித்துக்கொண்டு வலது பக்கம் எட்டிப் பார்த்தார். ரோடு காலி. மிதித்தார். வண்டி யோசித்தது. அது யோசித்து முடிப்பதற்குள் பின்னால் வந்த வெள்ளி நிறக் கார் இரண்டையும் சேர்த்துத் தாண்டிக்கொண்டு போயிற்று. தாண்டும்போது செழியன் கையை வேறு ஆட்டினான்.

“சின்னவரு போயிட்டாருல்ல” என்றார் மாமனார். குற்றம் சொல்லவில்லை. மழை வருது என்பது போல ஒரு செய்தியாகத்தான் சொன்னார். வைக்கோல் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு, “இருக்கன்குடிக்கு எதுல போறதுன்னு அன்னிக்குப் பாத்துக்கிடுவோம்” என்றும் சொன்னார்.

முறை என்று இருந்தது இப்போது போட்டி என்று ஆகிவிட்டது. ஆனி வெள்ளிக்குள் வண்டி சரியாகவில்லை என்றால் மறுபடியும் பின்வண்டி. ஒரு வருஷம் பின்னால் போனால் அது விபத்து. இரண்டாவது வருஷமும் போனால் அதுதான் வழக்கம்.

விருதுநகரில் இருந்த சர்வீஸ் சென்டருக்கு வண்டியை எடுத்துப் போனார். உள்ளே நுழைவதற்கு முன், ரோட்டோரத்தில் நிறுத்திப் பானெட்டைத் திறந்து, சிவப்பு முடிச்சை எடுத்து டிக்கியில் ஒளித்துவைத்தார். படித்த பிள்ளைகள் வேலை பார்க்கிற இடம். பார்த்தால் சிரிப்பார்கள்.

அங்கே பொறுப்பிலிருந்தவர் ஜெனிட்டா. சாத்தூர்க்காரர், இஞ்சினியரிங் படித்தவர். அவர் தன் மடிக்கணினியை வண்டியின் வயிற்றில் மாட்டிப் பார்த்தார். ரிங் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். காற்றாய்ப் பறந்தது.

“ஒரு குறையும் இல்லையே சார். டர்போ வண்டின்னா மிதிச்ச உடனே கொஞ்சம் தாமதம் இருக்கும். அது எல்லா வண்டியிலும் உள்ளதுதான்.”

“அப்ப என் சகலை வண்டியில மட்டும் ஏம்மா இல்ல?”

“அவுக வண்டியிலயும் இருக்கும் சார். அவுக கண்டுக்கிட மாட்டாக.”

இந்தப் பதில் சங்கரலிங்கத்துக்குப் பிடிக்கவில்லை. திரும்பும் வழியில் முடிச்சைத் திரும்ப உள்ளே வைத்தார். சாத்தூர் தாண்டவில்லை, வண்டி மறுபடி மனுவை வாங்கி வைத்துக்கொண்டது.

இப்போது அவருக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. விருதுநகரில் நன்றாக ஓடுகிற வண்டி, செழியன் இருக்கிற திசைக்குத் திரும்பினால் படுத்துவிடுகிறது. இதற்கு மேல் என்ன ருசு வேண்டும்? நேரே கோடாங்கியிடம் போனார். கோடாங்கி கறுப்புத் துணியில் இன்னும் பெரிய முடிச்சாகக் கொடுத்தார். அதையும் சிவப்பு முடிச்சுக்குப் பக்கத்தில் இறுக்கினார். வண்டி இன்னும் மோசமாயிற்று. ‘கண்ணு வலுத்த கண்ணா இருக்கு’ என்று மறுபடியும் சர்வீஸ் சென்டருக்குப் போனார். வழக்கம்போல முடிச்சுகள் டிக்கிக்குள் போயின. வண்டி வழக்கம்போலப் பறந்தது. இந்த முறை மூன்றாவதாக ஒரு மஞ்சள் முடிச்சு வந்து சேர்ந்தது. ஏழாயிரம்பண்ணை ரோட்டில் ஆலைக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன்களெல்லாம் இப்போது இண்டஸ்ட்ரியலிஸ்டை முந்திக்கொண்டு போயின. வேனுக்குள்ளிருந்த பெண்கள் கையாட்டினார்கள். அவர்களில் பாதிப் பேர் அவர் கம்பெனியிலேயே குழாய் சுற்றியவர்கள்.

செழியன் போனில் விசாரித்தான். “என்னண்ணே, வண்டி இன்னும் யோசிக்குதா? வேணும்னா பொங்கலுக்கு என் வண்டியில எல்லாரும் ஏறிக்கிடலாம்ணே. எடம் இருக்கு.”

“உங்க வண்டியில எடம் இருக்கும் தம்பி. இருக்கத்தான் செய்யும்” என்று வைத்துவிட்டார். வைத்தபின் வீரலட்சுமியைப் பார்த்துச் சொன்னார்: “எடம் இருக்காம். எம்புட்டுத் திமிரு பாரு.”

“எடம் இருக்குன்னா எடம் இருக்குன்னுதான அர்த்தம்” என்றாள் வீரலட்சுமி.

“உனக்கு உலகம் தெரியாது.”

“ஆமா, உங்களுக்கு வண்டியே தெரியல, எனக்கு உலகம் தெரியணுமாக்கும்.”

அடுத்த முறை சர்வீஸ் சென்டரில் குரலை உயர்த்தினார். கன்ஸ்யூமர் கோர்ட், பத்திரிகை, சென்னையில் தனக்குத் தெரிந்த ஒரு பெரிய ஆள் என்று படிப்படியாக ஏறினார். ஜெனிட்டா முழுவதையும் கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னார்:

“சார், இங்கன வந்தா வண்டி நல்லா இருக்கு. உங்க ஊருலதான் கெட்டுப்போகுதுன்னு சொல்றீக. அப்ப நான் உங்க ஊருக்கே வந்து பாக்கிறேன். சனிக்கிழமை, மதியத்துக்கு மேல வாரேன்.”

ஜெனிட்டா சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார். மதியம் கோவில்பட்டியில் வேறு வேலை வந்துவிட்டதாம். சங்கரலிங்கம் அப்போது குளித்துக்கொண்டிருந்தார். முகத்தில் சோப்பு. வெளியே தன் வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. அப்புறம் ‘டொக்’ என்று பானெட் திறக்கிற சத்தம்.

வாளியைத் தட்டிவிட்டு, துண்டை இறுக்கிக்கொண்டு, ஒரு கண்ணில் சோப்போடு வெளியே ஓடினார்.

ஜெனிட்டா முறையாகத்தான் தேடியிருந்தார். வீரலட்சுமியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்ததில் மந்தம் தெரிந்துவிட்டது. முதலில் ஆக்சிலேட்டருக்கு அடியில் மிதியடி சிக்கியிருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. மிதிக்கிற அளவு எஞ்சினுக்குச் சரியாகப் போய்ச் சேர்கிறதா என்று மடிக்கணினியில் பார்த்தார், போனது. டீசல் அழுத்தம் சரி. டர்போ குழாய்களில் கசிவு இல்லை. உள்ளே போகிற காற்றின் கணக்கில்தான் துண்டு விழுந்தது. மிதிக்க மிதிக்க எஞ்சின் கூடுதல் காற்றுக் கேட்டது, கிடைக்கவில்லை. காற்று இல்லாதபோது டீசலை மட்டும் ஊற்றினால் புகைதான் வரும் என்று தெரிந்த கம்ப்யூட்டர், டீசலையும் நிறுத்திப் பிடித்தது. ஜெனிட்டா பானெட்டைத் திறந்து அந்தத் தபால் பெட்டி வாய்க்குள் கையை விட்டார்.

சங்கரலிங்கம் வந்து நின்றபோது மட்கார்டின் மேல் மூன்று முடிச்சுகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சிவப்பு, கறுப்பு, மஞ்சள்.

“யாரு சார் இத உள்ள வச்சது?” என்றார் ஜெனிட்டா.

சங்கரலிங்கம் வீரலட்சுமியைப் பார்த்தார்.

“என்னைய ஏன் பாக்கீக?” என்றாள் அவள். “சங்கத்துல பொன்னாடை வாங்குனது நானா?”

“அது… பழைய ஆளுக யாராச்சும் வச்சிருப்பாக” என்றார் சங்கரலிங்கம். புது வண்டிக்குள் பழைய ஆட்கள் எப்படி வந்தார்கள் என்று ஜெனிட்டா கேட்கவில்லை.

“சார், எங்க சபையில இதயெல்லாம் நம்ப மாட்டோம். நீங்க நம்பினா அது உங்க இஷ்டம். ஆனா வண்டிக்குக் காத்து வேணும். இது மூக்கு. மூக்க அடைச்சுட்டு ஓடச் சொன்னா நீங்களும் நானும் ஓடுவமா?” ஒரு மிளகாய் வடிகட்டி வரைக்கும் போயிருந்தது. அதையும் எடுத்து, வடிகட்டியைத் தட்டி மாட்டினார். “இப்ப ஓட்டிப் பாருங்க.”

துண்டோடு ஓட்ட முடியாது என்பதால் சட்டை போட்டுக்கொண்டு வந்து ஓட்டிப் பார்த்தார். மிதித்தார். முதுகு இருக்கையில் போய் ஒட்டியது. முன்னால் போன வேனைத் தாண்டினார். அதற்கு முன்னால் போன பஸ்ஸைத் தாண்டினார். கண்டக்டர் வாயைப் பிளந்ததைக் கண்ணாடியில் பார்த்தார். வெம்பக்கோட்டை அணைக்கட்டு வரைக்கும் போய், தண்ணீரே இல்லாத அணையைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பினார்.

“எம்மா ஜெனிட்டா, ஒரு விசயம். என் சகலை வண்டியும் உங்ககிட்டதான் சர்வீசுக்கு வருது…”

“ஒருத்தர் வண்டி விசயத்த இன்னொருத்தர்கிட்டப் பேச மாட்டோம் சார்.”

அந்தச் சந்தோஷம் மதியச் சாப்பாடு வரைக்கும் நீடித்தது. சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவும்போது ஓர் எண்ணம் வந்தது. இப்போது தன் வண்டி செழியன் வண்டி மாதிரியே ஓடுகிறது. மாதிரியேதான். ஒரு நூல்கூட அதிகம் இல்லை. இதற்காகவா இத்தனை பாடுபட்டது? ரோட்டில் இரண்டும் சமமாக வந்தால் முந்துகிறவன் வயசில் சின்னவன், கை சுறுசுறுப்பானவன். அதற்குப் பின்னாலேயே இன்னொரு எண்ணமும் வந்தது. செழியன் தன் வண்டியில் திருஷ்டி முடிச்சு எதுவும் வைக்கவில்லை. அப்படியென்றால், ‘சங்கரலிங்கம் எல்லாம் ஒரு ஆளா, அவன் கண்ணு என்னை என்ன செய்யும்’ என்றுதானே அர்த்தம்? இதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது. பாயில் படுத்துப் பார்த்தார். தூக்கம் வரவில்லை.

ஆனி வெள்ளி வந்தது. விடிந்ததும் இரண்டு கார்களும் மாமனார் வீட்டு வேப்பமரத்தடியில் நின்றன.

“வண்டி எப்படி மாப்ள இருக்கு?” என்றார் ஆண்டிச்சாமி.

“சரி பண்ணியாச்சு மாமா. சின்னக் கோளாறு. நானே கண்டுபிடிச்சுட்டேன்.”

வீரலட்சுமி தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போனாள்.

“அப்பச் சரி. முறைப்படி உங்க வண்டியிலயே ஏறிக்கிடுதோம்” என்றார் மாமனார்.

போட்டி முடிந்துவிட்டது. முறை திரும்பிவிட்டது. வேறு மனிதனாக இருந்தால் அத்தோடு காபி குடிக்கப் போயிருப்பான். சங்கரலிங்கம் வெள்ளி நிறக் காரைப் பார்த்தார். வைக்கோல் லாரி ஞாபகம் வந்தது. ஆட்டிய கை ஞாபகம் வந்தது. மாமனாரை ஏற்றிக்கொண்டு முன்னால் போகும்போது இவன் மறுபடி தாண்டினால்?

எல்லோரும் வீட்டுக்குள் இருந்தார்கள். செழியன் வண்டியைப் பூட்டுகிற பழக்கமே இல்லாதவன். அந்த நம்பிக்கைகூடச் சங்கரலிங்கத்துக்கு ஒரு எரிச்சல்தான். டிக்கியில், மெஷின் துடைப்பதற்காகச் செழியன் தன் கம்பெனிக்கு வாங்கி வைத்திருந்த பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை இருந்தது. ஒரு கை அள்ளினார். உருவி, நீவி, இறுகச் சுருட்டினார். பானெட்டைத் தூக்கி, அந்த வாயில் வைத்து அழுத்தினார். மூடினார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் காபி குடித்தார். மனசாட்சி ஒன்றும் பேசவில்லை. அதற்கும் காற்று போகவில்லை போலிருக்கிறது.

கிளம்பினார்கள். முன்னால் சங்கரலிங்கம், பக்கத்தில் மாமனார், பின்னால் மாமியாரும் வீரலட்சுமியும். பின்வண்டியில் செழியன், பொன்மணி, அவள் பிள்ளைகள். ஊர் எல்லை தாண்டியதும் சங்கரலிங்கம் மிதித்தார்.

“பாத்தீகளா மாமா, பிக்கப்பு.”

“ம்” என்றார் மாமனார். கதவுக்கு மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு டிராக்டரைத் தாண்டினார். வேன் ஒன்றைத் தாண்டினார். தாண்ட வேண்டிய அவசியமே இல்லாத ஒரு சைக்கிளையும் விருட்டென்று தாண்டினார். கண்ணாடியில் பார்த்தார். வெள்ளி நிறக் கார் மொச்சைக்கொட்டை அளவுக்குச் சிறுத்துப்போயிருந்தது. நெஞ்சு நிறைந்தது.

“ஏங்க, அம்மாவுக்கு ஒரு மாதிரி இருக்காம்” என்றாள் வீரலட்சுமி.

“இந்தா, இந்த ஒரு லாரிதான்.”

அந்த ஒரு லாரியை அவர் தாண்டி முடித்தபோது இருளம்மாள் முன்னிருக்கையின் முதுகில், சாராயப் பெயர் கொண்ட அந்த வண்டிக்குப் பொருத்தமாக வாங்கிய உறையில், காலையில் குடித்த காபியையும் தின்ற இட்லியையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வண்டி நின்றது. மாமனார் இறங்கி, காலைத் தரையில் ஊன்றிப் பார்த்துக்கொண்டார்.

“வண்டி நல்லாத்தான் மாப்ள இருக்கு” என்றார். “எமனுக்கு ஏத்த வண்டி.”

சாலையோரத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளி நிறக் கார் வர வெகுநேரம் ஆனது. மாட்டுவண்டி போல, ஒரு அலுங்கல் குலுங்கல் இல்லாமல் வந்து நின்றது.

“என்னன்னே தெரியலண்ணே, மிதிச்சா நகர மாட்டேங்குது” என்றான் செழியன். “உங்க வண்டிக்கு வந்தது எனக்கும் வந்துருச்சு போல.”

“வந்தது நல்லதுதான்” என்றாள் இருளம்மாள். பொன்மணியின் பிள்ளைகளை இறக்கிவிட்டு, அவளே போய் அந்தக் காரில் ஏறிக்கொண்டாள். பின்னாலேயே ஆண்டிச்சாமியும் ஏறினார். அம்மாவுக்குத் துணை என்று வீரலட்சுமியும் போய்விட்டாள். பிள்ளைகளைப் பெரியப்பா காரில் ஏறச் சொன்னதற்கு, “நாத்தம் அடிக்கு” என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு அம்மா மடிக்கே ஓடிவிட்டார்கள். எப்படியோ நெருக்கியடித்து எல்லோரும் அதிலேயே அடங்கினார்கள். செழியன் போனில் சொன்னது உண்மைதான். இடம் இருந்தது. இடைஞ்சலாக இருந்த பொங்கல் பானையை மட்டும் கொண்டுவந்து சங்கரலிங்கத்தின் பக்கத்து இருக்கையில் வைத்தார்கள். பெல்ட்டை அவர்தான் மாட்டிவிட்டார்.

வெள்ளி நிறக் கார் முன்னால் போனது. மாமனார் மாமியார் ஏறிய வண்டிதான் முன்னால் போக வேண்டும். முறை. இருக்கன்குடி வரைக்கும், முழுப் பிக்கப்பும் உள்ள காரில், சங்கரலிங்கம் இரண்டாவது கியரைத் தாண்டாமல் பின்னால் உருண்டுகொண்டு போனார். முந்துவதற்குக் கால் துடித்தது. பானையை வைத்துக்கொண்டு யாரை முந்துவது?

கோயிலுக்குப் பக்கத்தில், ஆற்று மணலை ஒட்டி வண்டிகளை நிறுத்தினார்கள். இருளம்மாள் தெளிந்த முகத்தோடு இறங்கினாள். வழியில் தூங்கிவிட்டாளாம்.

“இன்னிக்குத்தான் மாப்ள நீங்க வண்டிய வண்டி மாதிரி ஓட்டுனீக” என்று செழியனின் தோளைத் தட்டினார் ஆண்டிச்சாமி.

“தொட்டில் கட்டி ஆட்டுன மாதிரி இருந்துச்சு” என்றாள் இருளம்மாள். “இனிமே வருசா வருசம் சின்னவரு வண்டியிலயே வந்துருவோம். பெரியவரு பாவம், சாமானெல்லாம் கொண்டாரட்டும்.”

வருஷா வருஷம். சங்கரலிங்கத்துக்குக் காது அடைத்தது. தன் கையால் சுருட்டி வைத்த ஒரு பிடி பனியன் வேஸ்ட் அவனைக் குடும்பத்தின் நிரந்தர முன்வண்டி ஆக்கிவிட்டது. இந்த அநியாயத்தை ஒரு நிமிஷம்கூடப் பொறுக்க முடியவில்லை.

“அது எப்படி அத்தை, ரிப்பேரான வண்டியில திரும்பிப் போறது? ஆபத்து” என்றார். “தம்பி, நான் சரி பண்ணித் தாரேன்.”

“பொங்கல் வச்சுட்டுப் பாப்பமேண்ணே.”

“இப்பவே.”

விறுவிறுவென்று போனார். லீவரை இழுத்தார். பானெட்டைத் தூக்கினார். குனிந்துகூடப் பார்க்கவில்லை. கை நேராகப் போய் அந்த வாய்க்குள் நுழைந்து, பனியன் வேஸ்டோடு வெளியே வந்தது.

“இந்தா, இதான் கோளாறு. காத்துப் போகல.” சுற்றிலும் பார்த்தார், பாராட்டை எதிர்பார்த்து.

செழியன் அதை வாங்கிப் பார்த்தான்.

“இது நம்ம கம்பெனி வேஸ்டுல்ல. டிக்கிக்குள்ள கிடந்தது இங்கன எப்படிண்ணே வந்துச்சு?”

“எலி” என்றார் சங்கரலிங்கம். “எலி இழுத்துட்டுப் போயிருக்கும். இந்த வண்டிகள்ல எலித் தொல்லை ஜாஸ்தி.”

வீரலட்சுமி கையை நீட்டி அதை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். இரண்டு முனையும் ஒரே அளவு. நடுவில் ஓர் இழை தொங்கவில்லை. இறுகிப்போயிருந்தது. இருபது வருஷமாகப் பார்க்கிற சுருட்டு.

“எலி நல்லாத்தான் சுருட்டியிருக்கு” என்றாள். “நாளைக்கே நம்ம கம்பெனியில வேலைக்குச் சேத்துக்கிடலாம்.”

பொன்மணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். செழியன் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. ஆண்டிச்சாமி மூத்த மாப்பிள்ளையையும் இளைய மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்ததா இல்லையா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. வெற்றிலைப் பையை எடுத்து அவிழ்த்தார்.

இருளம்மாளுக்கு இந்த விசாரணையில் அக்கறை இல்லை. அவளுக்குத் திரும்பிப் போகிற கவலை.

“இதுனாலதான் வண்டி மெதுவாப் போச்சாக்கும்?” என்று செழியனிடம் கேட்டாள்.

“ஆமாத்தை.”

“அப்ப எடுத்த எடத்துலயே வச்சிருங்க சின்னவரே. நல்லபடியா வீடு போய்ச் சேருவோம்.”

வீரலட்சுமி சுருட்டைச் செழியனிடம் கொடுத்தாள். அவன் பானெட்டுக்குள் குனிந்தான். பழக்கமில்லாத கை. வாய் எங்கே இருக்கிறது என்று தேடினான். கண்டுபிடித்து, முழுவதையும் உள்ளே திணித்தான்.

சங்கரலிங்கத்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“அம்புட்டையும் அடைச்சிராதீக தம்பி. சுத்தமா நின்னுரும்” என்றார். “பாதி மூடுனாப் போதும். அந்தா, அந்த ஓரமா.”